கூடம் கோணல்

...ஐயையோ, அந்தச் சுவரு வேண்டாம் தம்பி, அதுல ஆணி அடிச்சா காரை மொத்தமா கொட்டிடும். இந்தப் பக்கம் அளங்க. என்ன டேப்பு இது, தொளதொளன்னு? இந்தாங்க, என்னோடத எடுத்துக்குங்க. தையக்காரி டேப்பு பொய் சொல்லாது. எந்த டிவி பொருந்தும்னு ஆள் வந்து பாத்துச் சொல்லுவாருன்னு உங்க கடையில சொன்னாங்க. எது பொருந்தினாலும் சரி. இந்த புரொஜெக்டர் இந்தக் கூடத்த விட்டுப் போனா எனக்கு அது போதும்.

பாருங்களேன் அத. ஓரமா ஸ்டூலு மேல ஏறி உக்காந்துகிட்டு ஒத்தக் கண்ணால என்னையே முறைக்குது. இதுக்கு நாங்க பண்ற பணிவிடை இருக்கே! ஜன்னல மூடணும். திரைய இழுக்கணும். லைட்ட அணைக்கணும். ஏன்னா வெளிச்சம் பட்டா தொரைக்கு மொகம் வெளுத்துப் போயிடுமாம். நான் அந்த இருட்டுல கறுப்புத் துணியில கறுப்பு நூல் கோத்துகிட்டு இருக்கேன் தம்பி. போன மாசம் ஒரு அம்மாவுக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வச்சுத் தைச்சுட்டேன். அந்தம்மா போட்டுப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை... சரி, அத விடுங்க.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. ஏதோ சின்னப் பசங்க வெளையாடற வீடுன்னு நெனைக்கறீங்க. அதான் இல்ல! வெளையாடறது எங்க வீட்டுக்காரரு. தல முழுக்க நரை. பஸ் டிரைவரு. பொண்ணு வெளியூர் வேலைக்குப் போனப்ப அவ கேம் பெட்டிய இங்கயே விட்டுட்டுப் போனா. தூசி தொடைக்கறேன்னு தொட்டவரு, அப்புறம் கைய எடுக்கவே இல்ல. நாள் முழுக்க பஸ் ஓட்டிட்டு வந்து, சட்டைய மாத்தி, தண்ணியக் குடிச்சுட்டு, உக்காந்து என்ன பண்ணுவாருங்கறீங்க? கார் ஓட்டுவாரு!

யாரோட? அங்கதான் தம்பி விஷயமே இருக்கு. சகலையோட. எங்க அக்கா வீட்டுக்காரரு. அவரு வேற ஊரு, ஆபீஸ்ல சீல் குத்தற வேலை. ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுல உக்காந்துகிட்டு, இன்டர்நெட்டுல ஒரே ரோட்டுல ரேஸ் ஓட்டுவாங்க. பேச்சு மட்டும் போன்ல. சகலைக்கு சகலை ஜென்மப் பகைன்னு சும்மாவா சொன்னாங்க? கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிச்சது இந்தப் போட்டி. யாரு வீட்டு பெயின்ட் நல்ல பெயின்ட், யாருக்கு தொப்பை கம்மின்னு எல்லாம் ஓடி ஓய்ஞ்சு, இப்ப காருல வந்து நிக்குது.

அவரு வீட்டுல டிவிதான். என் கத்தரிக்கோல் போடற டிராயரு அளவுல ஒண்ணு. அதுலதான் வெளையாடுவாரு. இவருதான் டிவி வேண்டாம், புரொஜெக்டர்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. "பஸ்ஸோட முன் கண்ணாடி அளவுக்கு இருந்தாத்தாண்டி ரோடு ரோடா தெரியும்"னாரு. சரின்னுட்டேன். அந்தப் பழைய டிவியக் கூட தூக்கி எதிர் வீட்டுக்குக் குடுத்தாச்சு. அதான் இப்ப இந்தப் பாடு.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஓட்டுவாரு தம்பி. சிரிப்பா இருக்கும் பாக்க. ரேஸ் கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திரும்பிப் பாப்பாரு. எங்க பாக்கறது, ஒரு பக்கம் பீரோ, இன்னொரு பக்கம் நான்! முன்னாடி போற காருக்காரன் கையக் காட்டாம திரும்பிட்டான்னு திட்டுவாரு. பின்னாடி வர்றவனுக்கு வழிய வேற விடுவாரு. "ரேஸுங்க இது"ன்னா, "எந்த ரோடா இருந்தா என்ன, ரோடு ரோடுதான்"பாரு. இப்படி எல்லாம் பண்ணியும் ஜெயிப்பாரு! ஏன்னா வளைவுல அவர அடிக்க ஆள் கெடையாது. சிலுக்குத் துணியில கத்தரி போற மாதிரி காரு போகும். சகலை காரு வளைவுக்கு வளைவு போய் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும். போன்ல அவரு பல்லக் கடிக்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். எனக்கு அதக் கேட்டுகிட்டே தைக்கறதுன்னா... சரி, அக்காகிட்ட சொல்லிடாதீங்க.

இப்ப எல்லாம் தலைகீழாப் போச்சு. இவரு காருதான் முட்டுது. முதல் வளைவுலயே முட்டுது. சகலை சும்மா இருப்பாரா? "என்ன சகலை, பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டு எறங்கிக்கறீங்களா"ங்கறாரு. அக்கா போன் பண்ணி, "வயசாகுதுல்லடி, பாத்துக்கோ"ங்கறா. எவ்வளவு அக்கறை பாருங்க! போன வச்சப்புறம் அன்னிக்குக் கையில இருந்த துணிக்கு நல்ல காலம் இல்ல, தாறுமாறா வெட்டிட்டேன்.

"மிஷின்ல ஏதோ கோளாறு, டிவிய வாங்கி ஓட்டிப் பாருங்க"ன்னேன். சகலையே சொல்றாரே, புரொஜெக்டர்ல படம் மெதுவா வரும், டிவின்னா டக்குனு வரும்னு. கேலிக்குத்தான் சொன்னாரு, ஆனா நான் பிடிச்சுக்கிட்டேன். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மிஷின் மேல பழி போடாத. என் கை மெதுவாயிடுச்சு"ன்னாரு. சொல்லிட்டு அந்த ரெண்டு கையையும் இப்படித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

எனக்கு அத்தோட சிரிப்பு போச்சு தம்பி.

அந்தக் கையி இத்தன வருஷத்துல ஒரு நாய்க்குட்டியக் கூட ஒரசினதில்ல. "பஸ்ஸ நல்லாத்தானே ஓட்டறீங்க"ன்னு கேட்டேன். "இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடி எறங்கிடணும். எனக்குப் பின்னாடி அத்தன சனம் உக்காந்திருக்கு"ங்கறாரு. இன்னிக்கு டிப்போவுக்குத்தான் போயிருக்காரு. மேனேஜரு மத்தியானம் வருவாராம். அவரப் பாத்து, "இனிமே வண்டி வேண்டாம், டிக்கெட் எண்ற ரூம்ல ஒரு நாற்காலி குடுங்க"ன்னு கேக்கப் போறாரு. நாற்காலியில உக்கார்ற மனுஷனா அவரு? லீவு நாள்ல கூட ரோட்டுல பஸ் போனா ஜன்னலுக்கு வந்து, கியரு மாத்தற சத்தத்த வச்சே யாரு ஓட்டறாங்கன்னு சொல்லுவாரு. வண்டிய விட்டுட்டா அந்த ஆளு ஆளாவே இருக்க மாட்டாரு. எனக்குப் பயமா இருக்கு தம்பி, பொய் சொல்லல. அதான் அவருக்குத் தெரியாம உங்கள வரச் சொன்னேன். டிவிய மாட்டி, ஒரே ஒரு தடவ சகலைய ஜெயிச்சுட்டாருன்னா, மனசு மாறிப் போய் மேனேஜருகிட்ட சொன்னத வாபஸ் வாங்கிக்குவாரு.

என்ன, போட்டுப் பாக்கணுமா? எதுக்கு? இதத் தூக்கித்தானே போடப் போறோம். சரி, போடுங்க. ரிமோட்டு அந்த நூல்கண்டு டப்பாவுல இருக்கு.

ம், வந்துடுச்சு. படம் எப்படி நிக்குது பாத்தீங்களா? நூல் பிடிச்ச மாதிரி! அது ஒண்ணுல மட்டும் கொற சொல்ல முடியாது. ஏன்னா அது நான் பண்ணது. முன்னாடி இந்த ஸ்டூலு கூடத்துக்கு நட்ட நடுவுல இருந்துது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்தப்ப வெட்டற மேஜைய நடுவுல போட வேண்டியதாப் போச்சு. இத ஓரமாத் தள்ளிட்டேன். தள்ளினா படம் எப்படி வரும்? ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை. இவருக்கு அதெல்லாம் கண்ணுலயே படாது, அப்படியே ஓட்டிட்டுப் போயிடுவாரு. எனக்கு ஆகுமா? நாள் பூரா நேர் கோட்டுல தைக்கறவ நான். கோணலப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது. அவரு வேலைக்குப் போனப்புறம் ரிமோட்ட எடுத்து நோண்டுனேன். நாலு மூலையையும் தனித்தனியா இழுத்து விட ஒரு எடம் இருக்கு தெரியுமா, அத நானே கண்டுபிடிச்சேன்! டேப்ப சுவத்துல வச்சு அளந்து அளந்து இழுத்து, எல்லாப் பக்கமும் சமமா கொண்டுவந்து நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மடிச்சு அடிச்சிருப்பேன்.

என்ன தம்பி, ஏன் அப்படிப் பாக்கறீங்க?

எப்பலேர்ந்து தோக்கறாரா? அது வந்து... அந்த யூனிஃபார்ம் வந்த சமயம்தான். ஆமா, மேஜை மேல நீலத் துணி மலையாக் கெடந்துது. தோத்துட்டு எந்திரிச்சவரு அதுல கால் மாட்டி விழப் போனாரு. நான் கூட சிரிச்சேன்.

நான் எப்ப இழுத்து விட்டேனா? அதான் சொன்னேனே, யூனிஃபார்ம் வந்தப்ப...

இருங்க. கொஞ்சம் இருங்க தம்பி. என்ன சொல்றீங்க? கோணலா விழற படத்த நேராக் காட்டறதுக்கு அது ஒவ்வொரு படத்தையும் உள்ள இழுத்து, கணக்குப் போட்டு, அப்புறம் வெளிய விடுதா? அதுக்குள்ள இவரு பட்டன அழுத்தி முடிச்சுடறாரா? சும்மா சினிமா பாக்கறவங்களுக்குத் தெரியாது, இதுல வண்டி ஓட்டறவங்களுக்குத்தான் தெரியுமா? பஸ்ல ஸ்டீயரிங்கத் திருப்பி, ஒரு மூச்சு விட்டு, அப்புறமா சக்கரம் திரும்பினா எப்படி இருக்கும்... அட கடவுளே!

எடுங்க தம்பி. அந்த எழவு இழுவைய மொதல்ல எடுங்க.

ஐயே... எவ்வளவு கோணல். பாக்கவே கண்ணு கூசுது. சரி, கேமப் போட்டு, குடுங்க அந்த கன்ட்ரோலர. எது, இந்த பட்டனா? ...அம்மாடி! நெனைக்கறதுக்குள்ள திரும்புது! நானே ஓட்டறேன் தம்பி! முட்டிட்டேன், அது நான் ஓட்டறதால, காரு மேல தப்பில்ல. பிடிங்க பிடிங்க, என் போன் எங்க? துணிக்கு அடியிலயா? இந்தா...

ஹலோ! எங்க இருக்கீங்க? ...உள்ள போயிட்டீங்களா? ...வெளிய பெஞ்சுலயா? அங்கயே இருங்க. எந்திரிக்காதீங்க. மேனேஜரு கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க. ...எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். உங்க கையும் நல்லாத்தான் இருக்கு. ...ஆமா, கையி! மெதுவானது உங்க கையி இல்லீங்க, மிஷினு. ...இல்ல, சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. கடையிலேர்ந்து ஆள் வந்து பாத்துச் சொல்றாரு. படத்த யாரோ இழுத்து விட்டிருக்காங்க, அதுல லேட்டாகுதாம். ...யாரா? இந்த வீட்டுல எத்தன பேரு இருக்கோம்? ...ஆமா. நான்தான். கோணலா இருந்துது, நேராக்கினேன்.

...ஏங்க? என்ன சத்தம் அது? ...சிரிக்கறீங்களா? சிரிங்க. நல்லா சிரிங்க. வந்து திட்டவும் செய்ங்க. மொதல்ல கெளம்பி வாங்க.

வர்றாராம்.

ஒண்ணுமில்ல தம்பி, கண்ணுல நூல் தூசி. இந்த வேலையில அப்படித்தான்.

ஆமா, நீங்க என்ன வியாபாரி? டிவி விக்க வந்துட்டு, டிவியே வேண்டாத மாதிரி பண்ணிட்டுப் போறீங்களே, மொதலாளி திட்ட மாட்டாரா? அந்தச் சட்டையக் கழட்டினா பொத்தான் தைச்சுத் தருவேன், மேல ஒண்ணு தொங்குது பாருங்க. பரவாயில்லையா? சரி.

ஸ்டூல மறுபடி நடுவுல போடலாங்கறீங்க. போடலாம். ஆனா மேஜைய எங்க நகத்தறது? இந்தப் பக்கம் தள்ளினா கதவு தெறக்காது, அந்தப் பக்கம் தள்ளினா பீரோ தெறக்காது. யூனிஃபார்ம் முடியற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். ஆடத் தெரிஞ்ச மனுஷனுக்குக் கூடம் கோணலா இருந்தா என்ன, நல்லாத்தானே ஆடிகிட்டு இருந்தாரு! நான் தையல் மிஷினத் திருப்பிப் போட்டு அந்தப் படத்துக்கு முதுகக் காட்டிகிட்டு உக்காந்துக்கறேன். கண்ணுல பட்டாத்தானே கை பரபரங்கும்?

கெளம்பிட்டீங்களா? ஒரே ஒரு ஒத்தாசை தம்பி. நீங்க நல்ல ஒசரம். அந்த ரிமோட்ட எனக்கு எட்டாத மாதிரி, பீரோ மேல, நல்லா உள்ள தள்ளி வச்சிட்டுப் போங்க.