டீச்சர் காருக்குப் பேஸ் வைத்த மதியம்

பேஸ் சரியாக வரவில்லை என்று யாராவது காரைக் கொண்டுவந்தால் நான் முதலில் ஸ்பீக்கரைப் பார்க்க மாட்டேன், மேடம். டிக்கியைத் திறந்து, பெட்டி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். முக்கால்வாசிப் பேர் பேஸ் அடிக்கிற பெரிய ஸ்பீக்கரை, சப்வூஃபரை, சீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சத்தம் போதவில்லை என்று இன்னும் பெரிதாக ஒன்று வாங்கக் கிளம்புவார்கள். அதே பெட்டியைப் பின்பக்கம் திருப்பி, டிக்கியின் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். அடி வயிற்றில் வந்து இறங்கும்.

அடுத்தது காற்று. பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் ஸ்பீக்கருக்கு முதுகெலும்பு. ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் பேஸ் செத்துவிடும். மூலைகளில் சிலிக்கான் பசை இழுத்து, அது காய்ந்த பிறகு ஸ்பீக்கரை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பார்ப்பேன். சட்டென்று துள்ளித் திரும்பினால் எங்கோ கசிகிறது. சோம்பல் முறிப்பதுபோல் மெதுவாகத் திரும்பினால் வேலை சுத்தம். கடைசியாகக் கடகடப்பு. நம்பர் பிளேட்டோ, மூடியின் உள்தகடோ, ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கும் ஜாக்கியோ, எது லேசாக ஆடினாலும் எனக்குக் கேட்டுவிடும். தெருவில் என்னை டம்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டம்டத்துக்குப் பாம்புக் காது என்றும் சொல்வார்கள்.

அதனால்தான், அன்று எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று நான் முதலில் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான்.

என் மனைவி படுத்த படுக்கையாகி நெடுங்காலம் ஆகிறது. முதலில் கால் போனது, பிறகு இடது கை, பிறகு பேச்சு. பேச்சு இருந்த காலத்தில் அவளுக்கு நாக்கு நீளம். “ஏங்க, ஊர்ல இருக்குற டிக்கியெல்லாம் ஓட்டை இல்லாம அடைக்கிறீங்க. நம்ம கூரை ஒழுகுறது மட்டும் உங்க கண்ணுல படாதா?” என்பாள். கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே கேட்பாள். நானும் சிரிப்பேன். கூரையை அவளே ஆள் வைத்துச் சரிசெய்தாள்.

கடைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். வலது கையில் ஒரு மரக்கரண்டி கொடுத்திருந்தேன். மெதுவாகத் தட்டினால் தண்ணீர் வேண்டும், இல்லையென்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வேகமாகத் தட்டினால் தொண்டையில் சளி அடைத்துவிட்டது என்று அர்த்தம். போட்டது போட்டபடி ஓடி, மெஷின் குழாயை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்ததும் கண்ணில் நீரோடு என்னைப் பார்ப்பாள்.

பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒருவர்கூட நிலைக்கவில்லை. மகள் விமானம் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறாள். “நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான்பா நான் இங்க தூங்குறேன்” என்பாள். நான் தூங்கவில்லை. கண் மூடினாலும் காது சுவரில் இருக்கும். பிறகு அந்தத் தட்டல் குழாயடியில் கேட்டது, மருந்துக்கடையில் கேட்டது, முடிவெட்டிக்கொள்ளும்போது கத்திரிக்கோலில் கேட்டது. யாரிடம் சொல்வது, மேடம்? பெண்டாட்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறான் என்று பெயர் வாங்கியவன் வாயைத் திறக்க முடியாது.

அந்த வாரம் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். வெளியே வந்து என் தோளைத் தட்டி, “பயப்படாதீங்க. இதயம் கல்லு மாதிரி இருக்கு. இப்படியே இன்னும் பல வருஷம் இருப்பாங்க” என்றார். நல்ல செய்தி சொல்கிற முகம். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரை வழியனுப்பிவிட்டுக் கடையைத் திறக்கப் போனவன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டைப்பை, மேஜை, மாடம் என்று சாவியைத் தேடினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் வந்தது அதற்குப் பிறகு. காது கேளாத பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறவர். அவருக்கும் காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், பேசுவார். “பசங்கள கார்ல கூட்டிட்டுப் போறப்ப தாளம் அவங்க முதுகுல ஏறணும்ணா. சீட்டு பேசணும்” என்றார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெட்டியைத் திருப்பினேன், பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைத்தேன், பின்சீட்டு மேல்தட்டுக்குக் கீழே ஃபோம் ஒட்டினேன். மறுநாள் மதியம் பாட்டைப் போட்டுப் பார்க்க வரச் சொன்னேன்.

வந்தார். பாட்டைப் போட்டேன். டீச்சர் டிக்கி மூடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது தட்டல் கேட்டது.

முதலில் கடகடப்பு என்றே நினைத்தேன் என்று பிறகு எழுதிக்கொடுத்திருக்கிறேன். இல்லை. முதல் தட்டிலேயே தெரியும். வேகமான தட்டல்.

என் கால் அந்தப் பக்கம் திரும்பியது உண்மை. ஓர் எட்டு வைத்தேன். பிறகு நின்றேன். நின்றதும் உடம்பில் என்னவோ தளர்ந்தது. தூக்கம் வருவது போல் இருந்தது. திரும்பி வந்து வால்யூமைக் கூட்டினேன்.

டீச்சர் நகர்ந்து சுவரில் சாய்ந்தார். சட்டென்று விலகி, உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். “அண்ணா, இங்க வேற ஏதோ அடிக்குது. பாட்டு தாளம் இல்ல இது.”

அவருக்குப் புரியும்படி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். “அது பேஸ் கசியுது டீச்சர். சுவத்துல முட்டித் திரும்புது. இப்ப அடைச்சுடறேன்.”

“உள்ள யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்ல.”

டிக்கிக்குள் தலையை விட்டு, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மூலையில் இன்னொரு முறை சிலிக்கான் இழுத்தேன். கோடு நேராக வந்தது. தட்டல் இடைவெளி விட்டுவிட்டு வந்தது. டீச்சர் மறுபடியும் சுவரைத் தொட்டுப் பார்த்து, “ஆமா, குறையுது” என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கைவேலை என்று நினைத்துக்கொண்டார்.

“ஒரு ரவுண்டு நீங்களும் வாங்கண்ணா” என்றார். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மார்க்கெட்டைச் சுற்றிப் போனோம். வழியெல்லாம் அவர் ஒரு கையால் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். சிக்னலில் நிற்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. “முதுகுல பாட்டு ஏறுதுண்ணா” என்றார். எனக்கும் அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் தெரியவில்லை.

திரும்பி வந்து கை கழுவினேன். வழக்கம்போல் பாலைச் சுடவைத்து, ஆற்றி, அவள் அறைக்குக் கொண்டுபோனேன். கரண்டி தரையில் கிடந்தது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்தேன், கண்ணை மூடிவிட்டேன், தலையைச் சீவிவிட்டேன். பிறகுதான் மகளுக்குப் போன் செய்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன்.

துக்கம் கேட்க டீச்சரும் வந்தார். கட்டிலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பெயர்ந்த சுண்ணாம்பில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் காரில் இனி பாட்டுப் போட அவருக்கு மனசு வரவில்லை என்று சொன்னீர்களே, அது மட்டும் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது. எந்தத் தட்டல் என்று தெரிந்தது. ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள். போகாமல் வால்யூமைக் கூட்டினேன், காரில் ஏறிப் போனேன். நான்தான் செய்தேன்.

ஆனால் அத்தனை காலத்தில் அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசியதில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.