மாடமில்லாத சுவர்

சுனாமி கொண்டுபோன வாழைச்சேனை மீன்வாடியைத் திரும்ப நிறுத்தியவன் நான். சண்டைக்காலத்தில் சீமெந்து கிடைக்காதபோதும் சித்தாண்டியில் கிணறு கட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்புத்தான். சண்டை முடிந்ததும் எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரி மண்டபத்தையும் நானே கட்டினேன்.

போன கிழமை அங்கே மருந்து வரிசையில் நின்றேன். முன்னால் ருக்மணியும் ஆசியாவும்.

"எங்கட புள்ளையாருக்கு இஞ்ச இடம் வேணாம்கா," என்றாள் ருக்மணி.

"அல்லாவே! கோயில் தலைவர்ட பொஞ்சாதி கதைக்கிற கதையா இது?"

"அவர் இஞ்ச சிலை வைக்கப் போறாராம். வெச்சா நீ வருவியா?"

"மனம் கூசும்கா. வேற ஆஸ்பத்திரிக்குத்தான் போவன்."

"பொறகு நான் ஆரோட கதைக்கிற? இது அரசாங்கக் கட்டடம். இண்டைக்கு நாம வெச்சா, நாளைக்குக் கொழும்பால வாற பெரியாக்கள் தங்கட சாமிய வெப்பாங்க. நீயும் புள்ளையாரும் வெளியிலதான். சிலை வந்தா வீட்டில சோறில்ல எண்டு சொல்லிட்டன். மனிசன் அடங்கிட்டார்."

ஆசியா சிரித்தாள். "சிலை வைக்கச் சுவரில ஒரு மாடமும் இல்லயேகா. கட்டின மேசன் மறந்திட்டான் போல."

மறக்கவில்லை. தலைவர் அப்போதே வந்து மாடம் கேட்டார், நான்தான் வைக்கவில்லை. பிள்ளையாரைக் கும்பிடாமல் வேலை தொடங்காதவன் நான். அந்த மண்டபம் எல்லாருக்கும் பொதுவாக நிற்கிறதென்றால், ருக்மணியின் பெயரோடு என் பெயரையும் சொல்லவேண்டும்.