ஜனவரில வியன்னாவுக்கு வர்றவங்க கவனத்துக்கு

…இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன் அம்மணி, இதைச் செருப்புன்னு சொல்லி உங்க தலையில கட்டினவன் எந்த ஊர்க்காரன்? அடிப்பக்கத்தைப் பாருங்க. சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு! இதை மாட்டிக்கிட்டு ஜனவரி மாசம், மைனஸ் எட்டு டிகிரில, வியன்னாவைச் சுத்திப் பாக்கக் கிளம்பியிருக்கீங்க. தைரியம்தான். எங்க ஊர்ல இந்த மாதிரிச் செருப்பைப் பொணத்துக்குத்தான் போட்டுவிடுவோம். அவங்க நடக்க வேண்டியதில்ல பாருங்க.

கையை ஆட்டாதீங்க… ஆட்டாதீங்கன்னா! நர்ஸ் சொன்னது காதுல விழலயா? எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிடுவாங்களாம். கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க. எதிர்ல முட்டியில ஐஸ் பொட்டலத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர் உள்ள வந்தப்போ தாடி இருந்திருக்காதுன்னு நினைக்கறேன்.

என் காலை எதுக்குப் பாக்கறீங்க? ஆமா, வீட்டுக்குள்ள போடற கம்பளிச் செருப்புதான். ஏப்ரன்தான். நீங்க விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவ, பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? டாக்ஸிக்காரன் என்னையும் நோயாளின்னு நினைச்சு ரெண்டு பேரையும் கைத்தாங்கலா இறக்கிவிட்டான். நான் சொல்லவும் இல்ல. சும்மா கிடைக்கற மரியாதையை ஏன் விடணும்?

அந்தப் பார்மை இப்படிக் குடுங்க. வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு, நீங்க எங்கேந்து எழுதறது? நான் எழுதறேன், நீங்க சொல்லுங்க. பேரு… ஒடேட். சரி. அப்புறம்? ஃபல்காவ். அந்த எழுத்துக்கு மேல என்ன, புழுவா? நெளிவா போடணுமா? போட்டாச்சு. ஊர், லிஸ்பன். தொழில்… ஓய்வு பெற்ற ஜெர்மன் வாத்தியாரம்மா! அதான் கேட்டேன், இவ்வளவு சுத்தமாப் பேசறீங்களேன்னு. நான் பேசறது உங்களுக்குப் பாதி புரியாது. இது ஜெர்மன் இல்ல, வியன்னாப் பேச்சு. புத்தகத்துல இருக்காது. புரியாட்டி தலையை ஆட்டுங்க, நான் நிறுத்த மாட்டேன்.

என் பேரு பொஸ்பிஷில். லியோபோல்டினே பொஸ்பிஷில். நாலு நாளா ரெண்டாவது மாடி வாடகை ரூம்ல தங்கியிருக்கீங்க, இன்னிக்குத்தான் பேரைச் சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரூமுக்கு வாரத்துக்கு ஒரு பெட்டி வருது, வாரத்துக்கு ஒரு பெட்டி போகுது. கடகடகடன்னு மாடிப்படில சக்கரச் சத்தம். பெட்டிக்கெல்லாம் பேரு கேட்டுக்கிட்டிருக்க முடியுமா? நான் ஒன்பதாம் நம்பர் கட்டடத்துக்குக் காவக்காரி. படி துடைக்கறது, குப்பை எடுத்து வைக்கறது, பல்ப் மாத்தறது, பனி தள்ளறது, எல்லாம் நான்தான். முப்பத்தோரு வருஷம். கீழ் வீடு இந்த வேலைக்காகக் குடுத்தது. வேலை போனா வீடும் போகும். ஏன் இதைச் சொல்றேன்னா… சும்மா சொல்றேன்.

சரி, இனிமேயாவது கேட்டுக்கோங்க. குளிர்காலத்துல இந்த ஊருக்கு வர்றவங்க யாரும் அண்ணாந்து பாக்கக் கூடாது. நீங்க என்ன பண்ணினீங்க? வாசலைத் தாண்டினதும் மேல இருக்கற கல் பொம்மையைப் பாத்தீங்க. அது நூத்திருபது வருஷமா அங்கதான் இருக்கு, ஓடிப் போகாது. ஆனா மேலயும் பாத்துத்தான் ஆகணும். கூரையிலேந்து பனி பாளம் பாளமா விழும். சுவத்துல ஒரு கட்டையைச் சாச்சு வெச்சிருந்தா, இங்க நடக்காதேன்னு அர்த்தம். ஆக, கீழயும் பாக்கணும், மேலயும் பாக்கணும். நேரா மட்டும் பாக்க வேண்டாம். எதிர்ல வர்றவன் எவனும் உங்களைப் பாத்துச் சிரிக்கப் போறதில்ல.

சூரியன் எங்கேன்னு யாரையும் கேக்காதீங்க. நவம்பர்ல போச்சு. எங்ககிட்ட சொல்லிக்கிட்டா போச்சு?

அப்புறம் காப்பிக் கடை. போனதும் "ஒரு காப்பி"ன்னு கேட்டுவெச்சுடாதீங்க. டாக்டர்கிட்ட போய் "எனக்கு ஒரு வியாதி"ன்னு சொல்ற மாதிரி அது. என்ன காப்பி, எவ்வளவு பால், நுரை வேணுமா வேண்டாமா… தெரியலேன்னா மெலாஞ்ச்னு சொல்லிடுங்க, பாதி பால், பாதி காப்பி, மானம் தப்பிச்சுடும். வெயிட்டர் உங்களை முறைச்சா பயப்படாதீங்க. முறைக்கலேன்னாத்தான் பயப்படணும். கோட்டோட உக்காந்தா திட்டுவான். கழட்டினா கதவுப்பக்கம்தான் இடம் குடுப்பான். ஒரு காப்பியை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்திருக்கலாம், எழுந்துக்கச் சொல்ல மாட்டான். அதுக்காகத்தான் நாங்க அவனைச் சகிச்சுக்கறோம்.

டிசம்பர்ல வந்திருக்கணும் நீங்க. தெருவுக்குத் தெரு கிறிஸ்துமஸ் சந்தை, சந்தைக்குச் சந்தை சூடா பஞ்ச். சர்க்கரைத் தண்ணில ரம்மை ஊத்தி, ஒரு கிராம்பைப் போட்டுத் தர்றாங்க. அப்ப விழுந்திருந்தா, குடிச்சிட்டு விழுந்தேன்னு கௌரவமாச் சொல்லிக்கலாம். ஜனவரில விழுந்தா என்ன சொல்வீங்க?

…என்னது? எதுக்கு வந்தீங்கன்னு சொன்னீங்க? நடன விருந்துக்கா? இந்தச் சனிக்கிழமையா?… தனியாவா வந்தீங்க? ஓ. அவர் போய் ரெண்டு வருஷமாச்சா… ரெண்டு பேருமா வரணும்னு நாப்பது வருஷமாப் பேசிக்கிட்டிருந்தீங்களா.

ம்.

கவுனெல்லாம் கொண்டாந்திருக்கீங்களா? என்ன நிறம்? …சரி, சரி. சொல்ல வேண்டாம். அழாதீங்க. வலிக்குதா? வலிச்சா அழுங்க. கால் நல்லாத்தானே இருக்கு? வால்ஸ் ஆடக் கால்தானே வேணும்? மாவுக்கட்டு மேல வெள்ளைக் கையுறையை இழுத்து மாட்டிடலாம். அங்க வர்ற கிழவனுங்க பாதிப் பேருக்கு இடுப்புலயே கட்டு. என்னத்தைச் சொல்ல…

பார்மை முடிச்சுடுவோம். விழுந்த நேரம், காலை எட்டேகால். விழுந்த இடம்…

விழுந்த இடம்.

டிராம் நிறுத்தம்னு போட்டுடவா? நாப்பத்திமூணாம் நம்பர் வண்டி நிக்குமே, முனையில. அங்க தினம் யாராவது விழுவாங்க. உங்களுக்கு என்ன வித்தியாசம்? மணிக்கட்டு மணிக்கட்டுதானே. அங்கன்னு போட்டா ஊர் முழுக்கப் பொறுப்பு. வாசல்னு போட்டா… வாசல்ல காலை ஆறு மணிக்கு முன்னாடி பனியைத் தள்ளி, வழுக்காம இருக்கப் பொடிக்கல் தூவியிருக்கணும். அது சட்டம். தூவ வேண்டியவ நான்.

இப்ப நீங்க கேப்பீங்க, ஏன் தூவலேன்னு. கேக்கலியா? கேக்காட்டியும் சொல்றேன்.

மூணாவது மாடில ஹோஃப்ராட் வினிவார்ட்டர்னு ஒருத்தர் இருக்கார். ஹோஃப்ராட்ங்கறது பேரு இல்ல, பட்டம். அரசாங்க நாற்காலியை நாப்பது வருஷம் தேச்சவங்களுக்குக் கடைசில குடுத்தனுப்புவாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டார், பட்டத்தைச் சொன்னாத்தான் காது கேக்கும். அவர்கிட்ட ஒரு நாய், குட்டைக் கால், நீள உடம்பு. அதுக்குப் பேரு பாரன், அதாவது பிரபு. வளக்கறவர் வெறும் ஹோஃப்ராட், நாய் பாரன்! யாருக்கு யார் எஜமான்னு பாத்துக்கோங்க.

இந்தப் பாரனோட பாதத்துல என் பொடிக்கல் குத்திடுச்சாம். நவம்பர்லேந்து ஆரம்பிச்சார். "திருமதி பொஸ்பிஷில், கல் கூர்மையா இருக்கு." "திருமதி பொஸ்பிஷில், கல்லு ஷூவோட ஒட்டிக்கிட்டு வந்து என் மரத்தரையைக் கீறுது." நானும், "ஆமாங்க ஹோஃப்ராட் அவர்களே, கல்லு கல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். அதுக்கு என்ன பண்ணினார் தெரியுமா? கட்டட நிர்வாகத்துக்குக் கடுதாசி! ரெண்டு பக்கம்! நிர்வாகத்துலேந்து எனக்கு ஒரு ஓலை வருது, "இனி வாசலில் கல் தூவும்போது நிதானம் கடைப்பிடிக்கவும்." நிதானம்! முப்பத்தோரு வருஷத்துல ஒரு ஆள் வழுக்கினதில்ல அம்மணி என் வாசல்ல. ஒரு ஆள்!

சரி, உங்களுக்குக் கல்லு வேண்டாம், அவ்வளவுதானேன்னு… இன்னிக்குக் காலைல… ஆறரை மணிக்கு, இருந்த கல்லையெல்லாம் சுத்தமாக் கூட்டி அள்ளினேன். ஒரு பொடி இல்ல. அதோட விட்டேனா? ரெண்டு வாளி வெந்நீர் கொண்டாந்து ஊத்திக் கழுவினேன். பளபளன்னு. மைனஸ் எட்டுல அது எவ்வளவு நேரம் வெந்நீரா இருக்கும்? கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. முகம் பாத்துக்கலாம். ஏழேகாலுக்கு அவர் நாயோட இறங்குவார். கடிகாரம் தப்பினாலும் அவர் தப்ப மாட்டார். ஒரே ஒரு தடவை, பின்பக்கமா, மெத்துனு… கோட்டு தடிமன்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு… கல்லோட அருமை தெரியட்டும்னு… நான் ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னேன்.

இன்னிக்குன்னு பாத்து அவர் வரல. ஜலதோஷம். மேலேந்து இருமல் கேட்டுது. ஏழரை ஆச்சு, எட்டாச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, இந்தக் காப்பியை ஒரு வாய் குடிச்சிட்டுப் போய்க் கல்லைப் போட்டுடலாம்னு கோப்பையை எடுத்தேன். சத்தியமா! ஒரு வாய்தான். அப்பத்தான் சத்தம் கேட்டுது.

அது உங்க சத்தம்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஏதாவது பேசுங்களேன். திட்டுங்க. போர்ச்சுகீஸ்லயே திட்டுங்க, எனக்குப் புரியாது, உங்களுக்கும் நிம்மதியா இருக்கும். அந்தப் பக்கம் ஏன் திரும்பிக்கிட்டீங்க? நான்… மணி என்ன? ஒன்பதரையா?

ஐயையோ. தண்ணி ஊத்தின இடம் அப்படியேதானே கிடக்கு! உங்களை டாக்ஸில ஏத்தற அவசரத்துல நான் ஒண்ணுமே போடலயே! ஜலதோஷமா இருந்தா என்ன, நாய்க்குத் தெரியுமா ஜலதோஷம்? அது இதுக்கு மேல அடக்காது. போன் எங்க… ஏப்ரன் பாக்கெட்ல… ஹீட்டர் சுடலேன்னு புகார் சொல்றதுக்காகத் தன் நம்பரை அவரே என் போன்ல ஏத்திக் குடுத்தார், ஒரு நாள்கூட நான் கூப்பிட்டதில்ல… அடிக்குது. எடுங்க. எடுய்யா!

ஹலோ! ஹோஃப்ராட் அவர்களே! பொஸ்பிஷில் பேசறேன். எங்க இருக்கீங்க?… மாடிப்படியிலயா! நில்லுங்க! ஒரு படி இறங்காதீங்க! நாயைத் தூக்கிக்கோங்க!… கத்தாம எப்படிச் சொல்றது? வாசல்ல காலை வைக்காதீங்க, ஒரே பனிப் பாளம்… ஆமா, தெரியும், என் வேலைதான்… இல்லீங்க, தானா உறையல. நான் தண்ணி ஊத்தினேன்… தெரியாம இல்ல. தெரிஞ்சுதான்.

…உங்களுக்காகத்தான்.

ஹலோ? இருக்கீங்களா?… சரி. கேளுங்க. மாடிப்படிக்குக் கீழ பச்சைப் பெட்டி இருக்கு, அதுல கல்லு. அள்ளித் தூவுங்க, நிலைக்குள்ள நின்னுக்கிட்டே. கையாலதான்… கோழிக்குத் தீனி போட்டிருக்கீங்களா? போட்டதில்லயா? இன்னிக்குக் கத்துக்கோங்க… இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டாவது மாடில தங்கியிருக்கற அம்மாவுக்கு. மணிக்கட்டு… தெரியல, இன்னும் எக்ஸ்ரே எடுக்கல… சரி. சொல்றேன். வெக்கறேன்.

அந்த அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேக்கறார். மஃப்ளர் கட்டிக்கிட்டு அவரே போய்த் தூவறாராம், தெரு முனை வரைக்கும் தூவறாராம். ஒரு வார்த்தை திட்டல! ரெண்டு பக்கம் கடுதாசி எழுதத் தெரிஞ்ச மனுஷன், திட்ட வேண்டிய நேரத்துல இருமிக்கிட்டு நிக்கறார்! இவரை என்னன்னு சொல்றது!

…உங்களைத்தான் கூப்பிடறாங்க. ஃபல்காவ்னு சொல்லத் தெரியல அவனுக்கு, நீங்கதான். எழுந்திருங்க, மெதுவா. என் தோளைப் பிடிச்சுக்கோங்க… வேண்டாமா? சரி. கதவு வரைக்கும்… அதுவும் வேண்டாம். சரி, சரி.

போயிட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்கல. நானா இருந்தா இன்னேரம் கைப்பையாலயே ரெண்டு போட்டிருப்பேன்.

"எப்படி நடந்தது, சுருக்கமாக." மூணே மூணு கோடு விட்டிருக்கான். இதுல எதை எழுதறது? பின்பக்கம் காலியாத்தானே இருக்கு…

கவுண்டர் தம்பி, இந்தாங்க பார்ம். அவங்க உள்ள போயிட்டாங்க, நான்தான் எழுதினேன். பின்பக்கமும் படிங்க. ஓரத்துலயும் கொஞ்சம் இருக்கு… என்ன சொல்றீங்க? இவ்வளவு வேண்டாமா? "பனியில் வழுக்கி விழுந்தார்"னு போட்டா போதுமா? மீதியை அடிச்சிடவா? பேனாவைக் கீழ வைங்க! இல்ல தம்பி, அவங்க வழுக்கல. நான் வழுக்கவெச்சேன். ரெண்டும் ஒண்ணா? இடம், ஒன்பதாம் நம்பர் வாசல். டிராம் நிறுத்தம்னு எழுதி அடிச்சிருக்கேன் பாருங்க, அதையும் அழிக்காதீங்க, அதுவும் நான் பண்ணினதுதான். என் பேரும் போட்டுக்கோங்க. பொ… ஸ்… பி… ஷில். நிர்வாகம் கேட்டா இதையே காட்டுங்க. வீடு போனா போகட்டும்… போகாட்டி நல்லதுதான், நான் வேண்டாம்னு சொல்லல.

என்ன, வரிசை நிக்குதா? நிக்கட்டும். அறுபத்திமூணு வயசுல மொதத் தடவையா ஒரு தப்பை ஒத்துக்கிட்டு நிக்கறேன், பாதில நகரச் சொல்றீங்களா?