கல்பாலத்து மணி

இரவு மணி பதினொன்று இருக்கும். பெங்களூர் அல்சூரைத் தாண்டி ராணுவப் புல்பண்ணைக்குப் போகிற மண்சாலை. நடுவே மூன்று வளைவு வைத்த பழைய கல்பாலம்... சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நம் கூட்டாளி ஓஸ்வால்டின் பெரியப்பா ஆம்ப்ரோஸுக்கு நடந்தது இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. விஷக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் அந்தப் பண்ணையின் காவல்காரர். அவர் மனைவி அல்போன்சாவுக்கு அன்று பேச்சே குழறிவிட்டது. அப்போதும் ஒன்றையே கேட்டாள்.

"சாமியாரைக் கூட்டியாங்க... எண்ணெய் பூசாம என்னை அனுப்பிடாதீங்க."

சாகக் கிடக்கிறவர்களுக்குக் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று சாமியார் எண்ணெய் தொட்டு வைக்கிற அவஸ்தைப் பூசுதல். அது கிடைக்காமல் அவளை அனுப்ப அவருக்கு மனசில்லை. பக்கத்து வீட்டு யூனிஸைத் துணைக்கு வைத்துவிட்டு, பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

மாதா கோயிலில் சாமியார் இல்லை.

"பாலத்துப் பக்கம்தான் யாருக்கோ பூசப் போனாரு. ஜல்தி போங்க," என்றார் அங்கே வேலை பார்க்கிற கோயில்பிள்ளை.

திரும்ப ஓடினார். மூச்சு முட்டியது. பாலத்தில் கால் வைத்ததும்... கிணிங். கிணிங். எதிரே கறுப்பு அங்கி, கையில் மணி. ஈரப் பாசி வாடை. நீங்களும் நானும் என்றால் வாய்விட்டுக் கூப்பிட்டிருப்போம். ஆனால் மணியடித்து நற்கருணை அப்பம் கொண்டுபோகிற சாமியாரிடம் பேசக் கூடாது. முழங்காலிட்டுக் கும்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆம்ப்ரோஸ் முழங்காலிட்டுக் கண்ணை மூடினார். முகத்தில் சில்லென்று ஏதோ பட்டது. பனி என்று நினைத்தார்.

எழுந்து, வழிகாட்டுகிறவராக வீட்டுப் பக்கம் முன்னால் நடந்தார். மணிச் சத்தம் பின்னாலேயே வந்தது. பாலம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டது.

திரும்பினார். யாரும் இல்லை.

"சாமி! அவ செத்துடுவா, சாமி!"

பேசக் கூடாது என்பதையும் மறந்து கத்தினார். வளைவுக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினார்.

அல்போன்சா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

"வந்துட்டீங்களா," என்று சிரித்தாள்.

சந்தோஷத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யூனிஸ் விளக்கை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

"என்னண்ணே... கண்ணு, காது, வாயெல்லாம் எண்ணெய்?"

உள்ளங்கையைப் பார்த்தார். அதுவும் மினுமினுத்தது. குனிந்து பூட்ஸைப் பார்த்தார். கயிறு அவர் போட்ட முடிச்சோடுதான் இருந்தது. அவிழ்த்துக் கழற்றினார்...

இரண்டு பாதத்திலும் எண்ணெய்.