மஞ்சள் தாளைக் கிழித்த கைகளுக்கு

பேரன்பும் பெருமதிப்பும் பெற்ற பேராசிரியர் தையல்நாயகி அம்மையார் அவர்களே! கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்தையும் கணக்கில் கொண்டவரே! திருவெண்ணெய்நல்லூரில் பிறந்து, விழுப்புரத்தில் பயின்று, திண்டிவனத்தில் எங்கள் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றுத் தளராது உழைத்த தகைசால் தாயே! வணக்கம்.

பல்லின் ஓட்டையில் மருத்துவர் பசையை அடைத்து நீல விளக்கைக் காட்டுகிறார், பசை இறுகுகிறது, நாமும் வாயைக் கொப்பளித்துவிட்டு மல்லாட்டைக் கடலை வாங்கிக் கொறிக்கப் போகிறோம். இறுகும் பசை சுருங்குமே, சுருங்கினால் பல்லோரம் இடைவெளி விழுமே என்று கவலைப்பட்டவர் நீங்கள்! பாசிட்ரான் என்னும் நுண்துகளை அந்தப் பசையினுள் செலுத்தி, அது எவ்வளவு நேரம் இருந்து மறைகிறது என்பதைக் கொண்டு, மூலக்கூறுகளுக்கு நடுவிலுள்ள குழிகளின் அளவைக் கண்டீர்கள். விளக்கை அணைத்த பிறகும் பசை உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கிறது என்றும் மெய்ப்பித்தீர்கள். எங்களில் சிலருக்கு இன்னும் அது முழுதாகப் புரியவில்லை என்பதையும் சபையறியச் சொல்லிவிடுகிறோம்.

ஆய்வறையின் குழல்விளக்குகளுக்கு மஞ்சள் தாள் சுற்றியிருக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். வெள்ளை வெளிச்சம் பட்டால் பசை தானாகவே இறுகிவிடும். அப்பேர்ப்பட்ட நீங்கள்தான், சென்ற ஆயுத பூசையன்று சுத்தம் செய்யும் உற்சாகத்தில், அழுக்கேறிய அந்தத் தாள்களை உங்கள் கையாலேயே கிழித்தெறிந்து, பாசிட்ரான் அளக்கும் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சீரியல் பல்பும் தொங்கவிட்டீர்கள்! பொரி கடலை தின்றுவிட்டு வந்து பார்த்தால், மேசைமேல் தட்டுகளில் இருந்த பசை அத்தனையும் இறுகிக் கிடந்தது.

அது ஆய்வு மாணவி அஸ்வினியின் கடைசி அத்தியாயத்துக்கானது. நீங்கள் ஓய்வுபெறுவதற்குள் அது முடியாவிட்டால் வேறு நெறியாளர், வேறு தலைப்பு, மறுபடியும் முதலிலிருந்து. கண்டாச்சிபுரத்திலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்து படித்த அந்தப் பெண் இறுகிய தட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார்.

இறுகியதை அளந்து பார்த்தால் எண்கள் என்னவோ அழகாகத்தான் வந்தன. "யாருக்கு மேடம் தெரியப் போவுது? எழுதிப்புடலாம்" என்றார் நம் துறை ஆசிரியர் கோதண்டபாணி, இரக்கத்தால்தான்.

"எனக்குத் தெரியுதுங்களே சார்! எவ்ளோ வெளிச்சம் பட்டுச்சுன்னே தெரியாம என்னத்த எழுதிக்கினு கெடக்கறது? தப்பு என்னுது. நானே திரும்பச் செஞ்சி குடுக்கறேன்" என்றீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். புதுப் பசை வரவழைத்தீர்கள். மகள் வீட்டுக்குப் போக எடுத்த விடுப்பை விட்டுக்கொடுத்தீர்கள். பொங்கல் விடுமுறையிலும் வீங்கிய முழங்காலோடு படியேறி வந்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பகல் முழுதும் பொறுமையாய் உட்கார்ந்திருந்தீர்கள். புது எண்கள் பழையவற்றைப் போல் அழகாக இல்லை. ஆனால் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் குடைந்து குடைந்து கேட்டபோது, ஒவ்வொன்றுக்கும் அஸ்வினியிடம் பதில் இருந்தது.

அம்மையீர்! பதவியில் இருப்பவர் தம் தவற்றைத் தாமே முன்வந்து சொல்லி நாங்கள் அதிகம் கேட்டதில்லை. உங்களைப் பிரிவது எங்களுக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. முழங்கால் வலி நீங்கி, மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் மகிழ்ந்து, பல்லும் சொல்லும் உறுதியாய்ப் பல்லாண்டு நலமுடன் வாழ்க!

உளமார வாழ்த்தும்
இயற்பியல் துறையினர், திண்டிவனம்.

எங்கள் அனைவரின் சார்பில், அழாமல் வாசித்து முடிக்க வேண்டும் என்று இம்மடலைக் கையில் பிடித்து இப்போது உங்கள்முன் நிற்பவர்:
முனைவர் அஸ்வினி.