கிரீஸ் போட்ட பாஸ்தா

அடுத்தவர் வீட்டுச் சட்டியில் என்ன வெந்தால் உனக்கென்ன? கேட்டுத் தொலைத்தாய், சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் வடக்கனந்தல் பஸ் கிளம்பாமல் நின்றது. முன்சீட்டில் ஒருத்தி தன் அக்காவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"செல்லுல பாத்து காலைல கிரீஸ் பாஸ்தா செஞ்சேங்க்கா. பூண்டு, எலுமிச்சங்கா, பன்னீரு, அவ்ளோதான். பேரச் சொன்னதும் மாமியாரு தட்டத் தள்ளிட்டாங்க."

"ஏன்டி?"

"எங்கூட்டுக்காரரு மெக்கானிக்கில்ல? வண்டிக்குப் போடுற கிரீஸுன்னு நெனச்சிக்கினாங்க. அது ஒரு நாட்டுப் பேருன்னு சொன்னா நம்பல. சுகர் மாத்திர வேற போட்டுக்கினாங்க, வெறும் வயித்துல! மயக்கம் கியக்கம் வந்தா இன்னாக்கா பண்றது? வேலைக்கி வந்தும் வேல ஓடல, பாதியிலயே வூட்டுக்குக் கெளம்பிட்டேன்."

எழுந்தாள், டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போன் அடித்தது. புருஷன்.

"இன்னாவாம்?" என்றாள் அக்கா.

"பசி தாங்காம சட்டியவே காலி பண்ணிட்டாங்களாம்."

"அப்பாடா! நாடுன்னு நம்பிட்டாங்களா?"

"எங்க நம்புனாங்க! 'எம்மருமவ கிரீஸு போட்டுத்தான் ஆக்கனா, அதான் தொண்டையில சிக்காம வழுக்கினு போவுது'ன்னு பக்கத்து வூட்டுலல்லாம் சொல்லிக்கினு இருக்காங்களாம்."