அட்டை இல்லாத மாத்திரை

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. வடமதுரையில் என் மருந்துக்கடையை வழக்கம்போல எட்டரைக்குத் திறந்தேன்.

முதலில் வந்தவர் மூக்காயி. மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுப்பவர், ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் வலிக்கு மூன்று ஆண்டுகளாக என்னிடம்தான் செட் வாங்கிவந்தார். செட் என்றால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, வெள்ளைக் காகிதத்தில் மடித்துத் தருவேன். அட்டையைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். பிறகு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். எனக்குத் தொழில் கற்றுத்தந்தவரும் அப்படித்தான் தந்தார்.

அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். தேய்ந்த மூட்டில் உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது. வீக்கமும் வலியும் அதனால் வருபவை. மாத்திரை அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவர் புண்ணாகாமல் காப்பதும் அதே பொருள்தான். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். முழங்காலில் மட்டும் தடுக்க மாத்திரைக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் பூ எடுக்கும் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று அவர் பாதங்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

"ஒம் மாத்திரையத் தின்னு காலு மட்டும் சதை போட்டிருச்சு, அப்பு" என்று சிரித்தார்.

"வெயில்ல நிக்கிறதுதான், அக்கா" என்றேன். செட்டைக் கொடுத்தேன்.

அக்டோபரில் அவர் மகள் தமிழ்மதி வந்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுக்கே சரியாப் போகலண்ணே. இம்புட்டு நாளா என்ன மாத்திரை தின்னுச்சுன்னு டாக்டர் கேக்குறாரு. பேரு எழுதிக் குடுங்க."

உண்மையை எழுதினால் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் அவரால் பூ எடுக்கப் போக முடியாது. கேள்விப்பட்டு மற்ற பெண்களும் பயப்படுவார்கள். அத்தனை பேருக்கும் விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சீட்டில் கால்சியம் என்று எழுதினேன்.

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தாம்மா."

அந்த வாரத்துக்கான செட்டையும் அவளிடமே கொடுத்தனுப்பினேன். அடுத்த ஏழு வாரங்களும் கொடுத்தேன்.

டிசம்பர் 3 அன்று மூக்காயி இறந்தார். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.

துக்கத்துக்குப் போனபோது தமிழ்மதியிடம் விசாரித்தேன். கடைசிவரை முழங்கால் வலி இல்லையாம்.